மாமாவின் அகில் கட்டை

மழை தொடங்கினால் எனக்குச் சளி பிடித்துவிடும், சேர். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மற்றபடி என் மூக்கு நல்ல மூக்கு. வெள்ளவத்தையில் பதினொரு வருடமாக அத்தர் கடை நடத்துகிறேன். விற்பதெல்லாம் கெமிக்கல். அசல் அகில் புகையை ஒருநாளாவது முகர்ந்துவிட வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை.

அது கொட்டாஞ்சேனையில், என் மனைவி ஆதிலாவின் வாப்பா வீட்டு அலுமாரியிலேயே இருந்தது. மாமா மீரா சாஹிப் ஹஜ்ஜுக்குப் போனபோது வாங்கி வந்த கட்டை. நோய் விழுந்த மரத்தில்தான் அகில் ஊறும். தணலில் போட்டால்தான் முழு வாசமும் வரும். தன்னைச் சுற்றி அடக்கப்போகும் கபன் துணிக்குப் புகை பிடிக்கவென்று மாமா அதை முப்பது வருடமாகப் பூட்டி வைத்திருந்தார்.

பெருநாளுக்குக் கேட்டேன். மகள் அர்பா பிறந்த அன்றும் கேட்டேன்.

"அது எண்ட ஜனாஸாவுக்கு, மருமகன். நான் மௌத்தாகும் மட்டும் ஒரு தும்பும் தரமாட்டேன்."

நியாயமான பேச்சு. நான் பூட்டைத் தொடவில்லை. திருட்டு என் குடும்பத்தில் கிடையாது. ஆனால் எழுபத்தொன்பது வயதில் மாமாவுக்குச் சீனி வருத்தமும் இல்லை, பிரஷரும் இல்லை. விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டுக் காலிமுகத்திடல் வரை நடப்பார். அவருடைய வாப்பா தொண்ணூற்றேழு வரை இருந்தவராம். எனக்கு வயிறு எரிந்தது, சேர். அதை ஏன் மறைக்க வேண்டும்?

மாமாவின் அறை மேல்மாடியில். படிக்கட்டுக் கைப்பிடியில் நாலு திருகாணி. கழற்றினேன். அடுத்தவர் வீட்டுச் சாமான் என்பதால் தொலைக்கவில்லை. இதோ, எண்ணிப் பாருங்கள். அவர் இறங்கும்போது, "பாத்து மாமா, நல்லாப் புடிச்சிக்கிட்டு வாங்க" என்றுகூடச் சொன்னேன். பிடித்துக்கொண்டுதான் வந்தார்.

ஜனாஸா அன்று அடைமழை. மச்சான் அலவி கட்டையை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைத் தணலில் போட்டான். வீடெல்லாம் புகை. தெருவில் குடையோடு நின்றவர்கள்கூட, "மாஷா அல்லாஹ், என்ன வாசம்!" என்றார்கள். எனக்கு மூக்கு அடைத்திருந்தது. குனிந்து குனிந்து இழுத்தேன். ஒன்றுமே இல்லை. அங்கேயே தேம்பித் தேம்பி அழுதுவிட்டேன்.

"சொந்த மகன் எனக்கே இப்பிடி அழுக வரல்ல, மச்சான்," என்று அலவி என் முதுகைத் தடவினான்.

மற்றப் பாதியை மாமி பலீலா எடுத்துப் பூட்டி வைத்திருக்கிறார், தனக்கென்று. மாமிக்கு எழுபத்திரண்டு வயது. நல்ல சுகம்.

வாக்குமூலத்தில் கையெழுத்து எங்கே போட வேண்டும், சேர்? கொஞ்சம் சுருக்காக விட்டால் நல்லது. மழை ஓய்ந்துவிட்டது, மூக்கும் இன்று நன்றாகத் திறந்திருக்கிறது.