மூச்சை இழுத்துப் பிடிங்க

ஸ்கேன் பார்க்கிற ஜெல்லை அப்படியே எடுத்துத் தடவக் கூடாது. குப்பியை வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டுவைத்து, வெதுவெதுப்பானதும்தான் எடுக்க வேண்டும். சில்லென்று பட்டால் படுத்திருக்கிறவர் வயிற்றை எக்கிக்கொள்வார், தசை இறுகும், படம் கெட்டுவிடும். எங்கள் வகுப்பில் இதை விடாமல் செய்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் குப்பியைத் தலைகீழாகப் பிடித்துச் சளக்கென்று ஊற்றிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரிப் பயிற்சியில் வயதான பெண்கள் சிலர், "அந்த அமைதியான தம்பி இருந்தா அவரையே பாக்கச் சொல்லுங்க" என்று கேட்டதுண்டு. கூடப் படித்தவர்கள் எனக்கு வைத்த பெயர் 'மெத்தை'. கை அவ்வளவு மெத்து என்று.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் என்னை முரடன் என்று முடிவுகட்டிக்கொண்டு கேள்வி கேட்கிறீர்கள். பக்கத்தில் நிற்கிற காவலர் என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் உட்காரலாம், நான் எங்கும் போகப் போவதில்லை. கேட்டதையெல்லாம் ஒளிக்காமல் சொல்கிறேன்.

நான் தாமதமாகப் படிக்க வந்தவன். அதற்கு முன்னால் மருந்துக்கடையில் நின்றேன். பல்கலைக்கழகத்தில் இந்த அல்ட்ராசவுண்ட் படிப்புக்கு இடம் கிடைத்தபோது வகுப்பிலேயே மூத்தவன் நான்தான். முதல் வருஷம் முழுக்க ஒருவரை ஒருவர் படுக்கவைத்து ஸ்கேன் பார்த்துப் பழகினோம். திரையில் ஆரம்பத்தில் ஒன்றும் பிடிபடாது; புகைமூட்டத்தில் ஊரைப் பார்ப்பது மாதிரி இருக்கும். பழகப் பழகத்தான் கண் திறக்கும். எலும்பு பளிச்சென்று வெள்ளை. ரத்தம், சிறுநீர், தண்ணீர் எல்லாம் கறுப்பு. எங்களுக்குப் பயிற்சி கொடுத்த மேடம் ஒரு விதியைத் திரும்பத் திரும்பச் சொல்வார். பார்த்ததை நோயாளியிடம் சொல்லக் கூடாது; மேலே இருக்கிறவரிடம்தான் சொல்ல வேண்டும். அந்த விதியில் முதல் பாதியை நான் ஒருநாளும் மீறியதில்லை.

வீட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அப்பா வேறொரு குடும்பம் தேடிக்கொண்டு போய்விட்டார். பிறகு அம்மா, நான், தங்கச்சி மூன்று பேர்தான். தங்கச்சி துணிக்கடையில் பில் போடுகிறாள். சின்ன வயதில் அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது, ஓங்கிச் சிரிப்பாள். தெருமுனைவரை கேட்கும். அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டியிருந்தது. அப்புறம் ஜன்னலில் நிற்பது, தோழிகளோடு வழியில் நின்று பேசுவது. கண்டிப்பாக வளர்த்தேன், மறுக்கவில்லை. தகப்பன் இல்லாத பெண்ணை வேறு எப்படி வளர்ப்பது? அம்மாவிடம் விசாரித்தீர்களாம், தனக்கு ஒன்றும் தெரியாது என்றாளாம். சரிதான். நான் தங்கச்சியை உள்ளறைக்குக் கூப்பிட்டால் அம்மா டிவி சத்தத்தைக் கூட்டிவைத்துவிடுவாள். காது கொஞ்சம் மந்தம் என்பாள்.

இரண்டாம் வருஷத்தில் ஆளுக்கொரு உறவினரைக் கூட்டிவரச் சொன்னார்கள். நான் தங்கச்சியைக் கூட்டிப் போனேன். இடது சிறுநீரகத்தைத் தேடி விலாவின் மேல் கருவியை நகர்த்திக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற மேடம் என் கையைப் பிடித்து நிறுத்தினார். திரையில் விலா எலும்பின் வெள்ளைக்கோடு ஓரிடத்தில் நேராகப் போகாமல் முடிச்சுப் போட்டதுபோல் புடைத்துக்கொண்டிருந்தது.

"இது ஒடஞ்சு சேந்த எலும்பு. எப்பம்மா அடிபட்டுச்சு?"

"படியில விழுந்துட்டா மேடம், ஸ்கூல் படிக்கும்போது" என்றேன்.

"நான் அவங்களத்தான கேட்டேன்."

தங்கச்சி கூரையைப் பார்த்தபடி, "படியிலதான் மேடம்" என்றாள். நான் கை கழுவப் போன நேரத்தில் இருவரும் ஏதோ பேசியிருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்று வீட்டுக்குப் போய் எவ்வளவு கேட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு டிவி வெகுநேரம் ஓடியது.

அதற்கப்புறம் கொஞ்ச நாளில் கடைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அந்தக் கடையின் லிஃப்டைப் பழுதுபார்க்க வந்துபோன ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டுவிட்டாள். அவர்தான் மாப்பிள்ளை. மேடம் சாட்சிக் கையெழுத்துப் போட்டாரா என்றுகூட எனக்குச் சந்தேகம் உண்டு. இல்லை என்கிறீர்கள். இருக்கட்டும்.

நான் போய்ச் சண்டை போடவில்லை. நல்லபடியாகத்தான் போனேன். சின்ன வீடு, துணியைத் தொங்கவிட்டு அறையைத் தடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க மச்சான்" என்றார். தண்ணீர் குடிக்கலாம் என்று, தங்கச்சியின் தலைக்கு மேலே இருந்த பலகையில் டம்ளரை எடுக்கக் கையைத் தூக்கினேன். அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சுவரோடு சுருண்டு உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமாகி முழுசாக ஒரு பருவம்கூட ஆகவில்லை. கை ஓங்கினாலே சுருண்டுகொள்கிற அளவுக்கு ஒரு பெண்ணை அடித்துவைத்திருக்கிறார் என்றால், அவர் என்ன மனிதர் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அடி வாங்குகிற பெண்ணைப் பார்த்தவுடன் எனக்குத் தெரியும். மாப்பிள்ளையோ ஒன்றும் தெரியாதவர்போல் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல, டம்ளர்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல நடிப்பு.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசி வருஷத் தேர்வுக்கு முன் வயிற்று ஸ்கேன் பழக மறுபடியும் ஆள் தேவைப்பட்டது. நான் கேட்கவில்லை. மாப்பிள்ளையே போன் செய்தார். "மச்சான், படிப்புக்கு ஆள் தேடுறீங்கன்னு அத்தை சொன்னாங்க. நான் வர்றேன். இப்பத்தான் காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்சேன், இன்னும் வேலைக்குப் போகல. சும்மாதான் இருக்கேன். உங்ககிட்ட கொஞ்சம் பேசவும் வேணும்."

வெறும் வயிற்றோடு வரச் சொன்னேன். வந்தார். மெலிந்திருந்தார். மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மேடம் ஏதோ கூட்டத்தில் இருந்தார். செய்முறை அறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டு. படுத்திருக்கிறவரின் மானத்துக்காக வைத்தது. போட்டேன்.

கல்லீரல், பித்தப்பை எல்லாம் நன்றாக இருந்தன. பிறகு வலப்பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொல்லி, இடது விலா எலும்புகளுக்கு நடுவே மண்ணீரலைத் தேடினேன். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. விலாவுக்குள் பொத்தி வைத்ததுபோல் ஒரு முஷ்டி அளவுக்கு இருக்க வேண்டியது, கீழே இறங்கித் திரையை நிறைத்துக்கொண்டு நின்றது. சிலவகைக் காய்ச்சலுக்குப் பிறகு மண்ணீரல் அப்படி வீங்கும். அது ரத்தம் நிறைந்த உறுப்பு, மேல்தோல் மிக மெல்லிசு. வீங்கியிருக்கிறபோது ஓடக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, ஒரு பந்து பட்டால்கூடக் கிழிந்துவிடும் என்று பாடத்தில் இருக்கிறது. உடனே மேடத்திடம் சொல்ல வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும்.

"ரொம்ப நேரமா அங்கயே பாக்குறீங்களே மச்சான். ஏதும் கோளாறா?"

"ஒன்னுமில்ல மாப்ள. எல்லாம் நல்லாருக்கு."

அவர் எழுந்து உட்கார்ந்தார். காகிதத்தால் ஜெல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே நீங்க வீட்டுக்கு வர வேணாம். நீங்க வந்துட்டுப் போனதுலேர்ந்து அவ தூங்குறதே இல்ல. தூங்குனாலும் அலறிக்கிட்டு எந்திரிக்கிறா. 'அண்ணா, அண்ணா, வேணாம்ணா'ன்னு கத்துறா. எனக்குக் கேக்க முடியல மச்சான்."

யோசித்துப் பாருங்கள். தூக்கத்தில், ஆபத்தில், ஒரு பெண் கட்டினவர் பெயரைச் சொல்லவில்லை. அண்ணா என்று கூப்பிடுகிறாள். என்னைத்தான் கூப்பிடுகிறாள், வந்து காப்பாற்று என்று. அதை இந்த மனிதர் என் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, வயிற்றைத் துடைத்துக்கொண்டே சொல்கிறார்.

துடைப்பதற்காக இடது கையைத் தூக்கியிருந்தார். விலா முழுக்கத் திறந்திருந்தது. இன்னும் ஈரம் காயாத இடம்தான். நான் சற்றுமுன் பார்த்துக்கொண்டிருந்த இடம். அங்கேதான் குத்தினேன். முழு பலத்தோடு, ஒரே குத்து. அவருக்குச் சத்தம் வரவில்லை. வாய் மட்டும் திறந்தது. மடிந்து, படுக்கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தார். ஒரு கையால் என் காலைப் பிடித்துக்கொண்டார். கையை விலக்கிவிட்டு உதைத்தேன். காலணி போட்டிருந்தேன். அதே இடத்தில்தான் உதைத்தேன். முகத்திலோ தலையிலோ நான் தொடவே இல்லை, நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர் சக்கர ஸ்டூலுக்குப் பின்னால் ஊர்ந்து போகப் பார்த்தார். ஸ்டூலை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு மறுபடி உதைத்தேன். மூன்றாவதிலோ நாலாவதிலோ கால் உள்ளே மெத்தென்று இறங்கியது. ஒரு எலும்பு விட்டுக்கொடுத்த சத்தம் கேட்டது. நிறுத்திவிட்டேன். கோபத்தில் செய்கிறவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. எனக்குத் தெரிந்தது.

பிறகு அவரைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிப் படுக்கையில் கிடத்தித் தலையணை வைத்தேன். முகம் வெளிறி, நெற்றியெல்லாம் வியர்வை. "தோள் வலிக்குது மச்சான்" என்றார். இடது தோள். வயிற்றுக்குள் ரத்தம் கொட்டி மேலே போய் முட்டினால் தோளில்தான் வலிக்கும். அதுவும் பாடத்தில் இருக்கிறது. ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அப்போதுதான்.

மேடம் அடிக்கடி குறைப்பட்டுக்கொள்வார், உள்ளே ரத்தம் கசிகிற படத்தை மாணவர்கள் பார்க்கவே வாய்ப்பதில்லை என்று. அதனால் வலப்பக்கம் கருவியை வைத்தேன். கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே இடைவெளியே இருக்கக் கூடாது. ஒரு கறுப்புக் கோடு இருந்தது, பேனாவால் கீறியதுபோல.

"மூச்சை இழுத்துப் பிடிங்க மாப்ள" என்றேன்.

பிடித்தார். சொன்னதைக் கேட்கிற மனிதர்தான், அதை நான் மறுக்கவில்லை. படத்தை நிறுத்திச் சேமித்தேன். மூச்சை விடச் சொன்னேன். கோடு பட்டையாகி, பட்டை வாய்க்காலாகிக்கொண்டே போனது. ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்தேன். அவர் தண்ணீர் கேட்டார். வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்று சொன்னேன். ஒருமுறை தங்கச்சியின் செல்லப்பெயரைச் சொன்னார். எங்கள் வீட்டில் யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. பிறகு மூச்சைப் பிடிக்கச் சொன்னபோது அவரால் பிடிக்க முடியவில்லை. படம் ஆட ஆரம்பித்தது.

மேடம் கதவைத் தட்டினார். நானே திறந்தேன். அவருக்கு ஒரு பார்வை போதுமாயிருந்தது, முதலில் திரையைப் பார்த்தார், அப்புறம் மாப்பிள்ளையை. என்னை இடித்துத் தள்ளிவிட்டு நடைபாதையில் ஓடிக் கத்தினார். ஆஸ்பத்திரி அடுத்த கட்டடம்தான். ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. அறுவைக்கு மேஜையில் ஏற்றும்போதே போய்விட்டாராம். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாக நீங்களே சொன்னீர்கள். இருக்கலாம்.

மேடம் திரும்பி வந்து என் முன்னால் நின்றார். "தெரிஞ்சே பாத்துக்கிட்டு இருந்திருக்க" என்றார். இந்தப் படிப்பே பார்த்துக்கொண்டிருக்கிற படிப்புதானே.

செய்தது நான்தான். கொல்ல வேண்டும் என்றுதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் நீங்கள் கடைசியாகச் சொன்னதை மட்டும் ஏற்றுக்கொள்ள முடியாது. மாப்பிள்ளை ஒருநாளும் தன் மேல் கைவைத்ததில்லை என்று தங்கச்சி சொல்கிறாள் என்கிறீர்கள். பயத்தில் சொல்கிறாள். டாக்டரம்மா அவளைத் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டார், புதுக் காயம் ஒன்றுகூட இல்லை, விலாவில், முழங்கையில், முதுகில் இருப்பதெல்லாம் வருஷக்கணக்கான பழைய காயம் என்கிறீர்கள். அது எனக்குத் தெரியாதா? அந்தப் பழைய காயங்களில் எதை வேண்டுமானாலும் காட்டிக் கேளுங்கள், எந்தத் தப்புக்கு என்று ஒன்றுவிடாமல் என்னால் காரணம் சொல்ல முடியும். காரணமே இல்லாமல் ஒருவர் அவளை அடிப்பதைத்தான் அண்ணன் என்கிற முறையில் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.