எதிர்க்கரை வங்கி

என் பெயர் வெர்னா ஸ்டாம்பா. வயது அறுபத்தாறு. ஓய்வு பெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர். கென்டக்கி மாநிலம் ஹார்லோ கவுண்டியில், ஒஹாயோ ஆற்றங்கரையில் வசிக்கிறேன். இறந்துபோன டெல்மர் என் அண்ணன் ஆர்வில்லின் மகன். அவனுக்கு வயது நாற்பத்து நான்கு, புத்தி ஆறு வயதுப் பிள்ளையுடையது. நுரையீரல் கெட்டுப்போனதால் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடுதான் இருப்பான்.

என் அண்ணன் எதிர்க்கரையில், ஒஹாயோ மாநிலத்தில் இருந்தவர். மகனுக்கான சொத்தை அங்குள்ள பெல்ஃபோர்டு வங்கியின் பொறுப்பில் விட்டு, மாதம் ஒருமுறை வங்கி அதிகாரி டெல்மரை நேரில் பார்த்த பிறகே செலவுக்குப் பணம் தர வேண்டும் என்று உயில் எழுதினார். பிள்ளையை யாரும் கவனிக்காமல் போட்டுவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. அவர் இறந்த பிறகு டெல்மரை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். அதன் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. பக்கத்து மாநில வங்கியும் சட்டப்படி அந்நிய வங்கியாம். எங்கள் மாநிலத்தின் அனுமதி இல்லாமல் அவர்கள் இங்கே வந்து பொறுப்பாளர் வேலை பார்க்கக் கூடாதாம். விண்ணப்பம் போட்டிருந்தார்கள், அனுமதி வரவில்லை. அதனால் மாதாமாதம் நானே டெல்மரைப் பாலம் தாண்டி அழைத்துப் போய்க் காட்டி வந்தேன். அந்த அந்நிய வங்கியின் மணிக்கூண்டைப் பார்த்துத்தான் நான் என் சமையலறையில் முட்டை வேகவைக்கிறேன்.

சம்பவத்தன்று காலை வங்கி அதிகாரி கரோல் பிரூவிட்டுக்கு போன் செய்து, பனி உறைந்து கிடக்கிறது, நீங்களே வந்து பாருங்கள் என்று கேட்டேன்.

"ஆத்தைத் தாண்டி வந்து பாத்தா சட்ட விரோதமாயிடும்மா. இன்னியோட மாசம் முடியுது. கூட்டிட்டு வந்துடுங்களேன்."

"ஏம்மா, ஆம்பளையா பொம்பளையானு இங்க இருந்தே தெரியுற தூரத்துல இருந்துக்கிட்டு நீ வெளிநாடா?"

"சட்டத்துல அப்படித்தாம்மா இருக்கு, நான் என்ன பண்ண?"

போகாவிட்டால் அடுத்த மாத ஆக்சிஜனுக்குப் பணம் வராது. அதனால் டெல்மரைக் காரில் ஏற்றி, வீட்டில் மிச்சமிருந்த ஒரே சிலிண்டரோடு கிளம்பினேன். பாலத்தின் நடுவில் ஒரு லாரி சறுக்கிக் குறுக்கே நின்றுவிட்டது. முன்னும் பின்னும் வண்டிகள். ஆம்புலன்ஸ் வர வழியில்லை.

பாலம் ஏறியதும் மூச்சை அடக்கி அக்கரையில் விடுவது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் விளையாட்டு. டெல்மருக்கு அதை அவன் அப்பா சொல்லிக் கொடுத்தார். எப்போதும் நான் திட்டினால்தான் மூச்சு விடுவான். அன்றும் வாயை மூடிக்கொண்டு கன்னத்தை உப்பிக்கொண்டான்.

"மூச்சு விடுடா தங்கம்."

"பாலம் இன்னும் முடியலையே அத்தை."

ஆக்சிஜன் தீர்ந்து சிலிண்டர் முள் கீழே வந்த பிறகும் அதையேதான் சொன்னான். நான் கெஞ்சினேன், பிறகு கன்னத்தில் அடித்தேன். அவன் கன்னத்தில் இருந்த அந்தச் சிவப்பைப் பற்றித்தான் விசாரணையில் நீங்கள் கேட்டீர்கள். போலீஸ்காரர் நடந்து வந்து கதவைத் திறந்தபோது அவன் உயிர் போயிருந்தது.

அடக்கத்துக்கு கரோல் பிரூவிட் பூ எடுத்துக்கொண்டு இக்கரைக்கு வந்திருந்தார்.

"இன்னிக்கு பேங்க் சார்பா வரலம்மா. சும்மா, நானா வந்தேன்."

"அப்படி ஒரு நாள் முன்னாடியே, சும்மா வந்து பாத்துட்டுப் போயிருக்கலாமே."

அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, அவர் கையிலிருந்த பூவைப் பிடுங்கி எறியத்தான் தோன்றியது. எறியவில்லை.

இந்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினார்கள். சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் உண்மை. அவனை அடித்ததையும் சேர்த்தே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) வெர்னா ஸ்டாம்பா