தூங்கும் டிராகனுக்கு ஒரு பகடை

உங்கள் ஸ்டேஷன் ரைட்டரைவிட என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால்தான் பேப்பரை வாங்கி நானே எழுதுகிறேன். என் பெயர் சவுரியப்பன். பி.யு.சி. வரை படித்தவன். தொப்பூர் கணவாய்க்கு மேலே லாரி ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன்.

எண்பத்து நான்கில் வேன் ரிப்பேராகி என்னிடம் வந்த ஒரு வெள்ளைக்காரர், போகும்போது ஒரு இங்கிலீஷ் புத்தகத்தையும் இருபது முகமுள்ள ஒரு பகடையையும் அன்பளிப்பாகக் கொடுத்தார். அது ஒரு விளையாட்டு. ஒருவன் கதை நடத்துவான்; மற்றவர்கள் வீரனாகவும் மந்திரவாதியாகவும் அதற்குள் நுழைவார்கள். அடி பட்டதா, தப்பியதா என்பதைப் பகடை சொல்லும். ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் ஒர்க்‌ஷாப்பில் உட்காருவோம். நடத்துபவன் நான். ஆடுபவர்கள் ஞானராஜும் பஞ்சர் கடை மாதப்பனும். ஞானராஜ் பாலக்கோட்டுத் தக்காளியைச் சொந்த லாரியில் சேலத்துக்கு ஏற்றிப் போகிறவன்.

கதையின் முடிவில் ஒரு டிராகன். சர்ச்சில் தேவதூதர் மிக்கேல் சம்மனசு சுரூபத்தின் காலடியில் மிதிபட்டுக் கிடக்கிறதே, அந்த மாதிரி என்று சொல்லிப் புரியவைத்தேன். அதற்கு என்னென்ன காப்பு என்று விளங்கிக்கொள்ள அகராதியோடு நான்கு மாதம் மல்லுக்கட்டினேன். முதலில் பயம், பார்த்தவன் ஓடிவிடுவான். அப்புறம் தோல், அதற்கு ஒரு எண் உண்டு, எண் குறையக் குறையத் தோல் கெட்டி. மூன்றாவதுதான் என்னைச் சொக்கவைத்தது. எந்த மந்திரம் பட்டாலும், தூங்கும்போது பட்டாலும்கூட, அதன் சார்பில் ஒருமுறை பகடை உருட்ட வேண்டும். நான்கோ அதற்கு மேலோ விழுந்தால் தப்பிக்கும். சாதாரண மனிதன் தப்பிக்கப் பதினாறு வேண்டும். எவ்வளவு நியாயமான ஏற்பாடு பாருங்கள். கடைசி வாய்ப்பு இல்லாமல் யாரும் சாக வேண்டியதில்லை.

போன ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, தூங்கிக்கொண்டிருந்த டிராகன் மேல் ஞானராஜ் கல்லாக்கும் மந்திரத்தை ஏவினான். நான் பகடையை எடுத்தேன். அவன் அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"தூங்கறதுக்கு என்னாத்துக்குடா பகடை? செத்துப்போச்சுனு எழுதுடா."

"புக்குல போட்டிருக்குதுடா. உருட்டித்தான் ஆவணும்."

"புக்கு என்னா பைபிளா?"

மாதப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "வுட்டுத்தள்ளு சவுரி. வூட்டுக்குப் போலாம்."

செத்ததாக எழுதினேன். ஒன்றரை வருடம் நான் வளர்த்தது. போகும்போது ஞானராஜ் பகடையை ஸ்பேனர் தட்டில் விட்டெறிந்துவிட்டுப் போனான். எனக்கு அவமானமாக இருந்தது, வயிறு எரிந்தது. அதை நான் மறைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஸ்பிரிங் மாற்ற ஞானராஜ் லாரியைக் கொண்டுவந்தான். வேலையை முடித்துவிட்டு, அடியில் படுத்தபடியே மற்றதையும் பார்த்தேன். முன்சக்கரத்துக்கு பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஓஸ் உப்பி, கசிந்துகொண்டிருந்தது. நான் அதைத் தொடவே இல்லை. அறுத்துவிட்டதாக எஃப்.ஐ.ஆரில் எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள்.

டிராகனுக்கு அவன் மறுத்ததை அவனுக்கு நான் மறுக்கவில்லை. உள்ளே போய்ப் பகடையை எடுத்தேன். நான்கோ அதற்கு மேலோ விழுந்தால் ஓஸைப் பற்றிச் சொல்லிவிடுவது. டிராகனுக்கு உள்ள அதே சலுகை. உருட்டினேன். திரும்பி வந்தேன்.

"பிரேக்கு பாத்தியாடா?"

"பாத்துட்டேன்."

அது பொய் இல்லை.

கணவாயின் இரண்டாவது வளைவில் லாரி தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது, இரண்டு உயிர் போனது. டயர் வாங்க மாதப்பனும் அதில் ஏறியிருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவனுக்கும் தனியாக ஒருமுறை உருட்டியிருப்பேன். அந்த ஒன்றில் மட்டும் எனக்கு வருத்தம்.

கல்லறையில் ஞானராஜின் மனைவி லூர்துமேரி கேட்டாள்: "அண்ணா, நீங்க பாத்த வண்டிதானுங்களே?" ஆமாம் என்றேன். அவளிடமும் நான் பொய் சொல்லவில்லை.

பகடையில் என்ன விழுந்தது என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். பதினொன்று. நான்குக்கு மேல்தான், எனக்கும் எண்ணத் தெரியும். ஆனால் பகடை நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது, ஞானராஜ் டிராகன் இல்லை, சாதாரண மனிதன். அவனுக்குப் பதினாறு வேண்டும். புத்தகம் உங்கள் மேசையில்தான் இருக்கிறது, புரட்டிப் பாருங்கள். விதியை மாற்றியவன் அவன். நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.