கட்டிலுக்கடியில் இருந்த அரிசி

ஓடுகிறேன். முதுகில் கொழுந்துக் கூடை. கையில் சாக்கு. தேயிலைச் செடியின் வாது காலைக் கிழிக்கிறது. கீழே தகரம் அடிக்கிறார்கள். டண், டண், டண். மூன்று அடி. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று. லயத்து வாசலில் நின்று யாரோ கத்துகிறார்கள்.

"அரிசி வந்திருச்சு! ஓடியாங்க! முடியப்போவுது!"

1948. யுத்தம் முடிந்து மூன்று வருடம். எங்களை யாரும் துரத்தவில்லை. அரிசி முடியப்போவதும் இல்லை. தோட்டத்தில் பேர் பதிந்த எல்லோருக்கும் பங்கு உண்டு. கடைசி ஆளாகப் போனாலும் கிடைக்கும். அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஓடினோம். பிள்ளைத்தாய்ச்சி ஓடினாள். எங்களை அதட்ட வேண்டிய கங்காணியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் ஓடினார். நுவரெலியாக் குதிரைப் பந்தயத்தில் எங்களை விட்டிருந்தால் ஜெயித்திருப்போம்.

பூண்டுலோயாப் பக்கம் எங்கள் தோட்டம். லயம் என்ற வரிசை வீட்டில் ஒரு காம்பரா. அந்த ஒற்றை அறையில் நான், என் வீட்டுக்காரர் முத்தையா, மகள் பாக்கியம். யுத்தத்தில் பிழைத்தவர்கள் நாங்கள் மூவர். ஒருத்தி பிழைக்கவில்லை. அதையும் சொல்கிறேன்.

குண்டு கொழும்பில் விழுந்தது. எங்கள் மலையில் விழவில்லை. ஆனால் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனது. அரிசிக் கப்பல் நின்றது. அரிசியைக் குறைத்துக் கோதுமை மாவு போட்டார்கள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எங்களுக்குத் தெரிந்து அந்த மாவு சுவரில் காகிதம் ஒட்டத்தான். தண்ணீரில் கரைத்துக் கஞ்சி காய்ச்சினேன். பசையாகத் திரண்டது. மூத்தவள் காளியம்மாவுக்கு மூன்று வயது. ஏற்கெனவே வயிற்றுப்போக்கு. பசையை ஊட்டினேன். துப்பினாள். மறுபடி ஊட்டினேன். பதினொரு நாள். "சோறு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் நாள் அதையும் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்தது. மாவு முடியவில்லை. அதற்குள் எங்கள் கைக்கும் அது பழகிவிட்டது. தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து, தடிப்பாகத் தட்டி, தகரத்தில் சுட்டோம். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சம்பல் அரைத்தோம். காலையில் ரொட்டியும் பால் இல்லாத சாயத்தண்ணியும். மலைக்கு வேலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் ரொட்டிதான். சோறு ராத்திரிக்கு மட்டும் என்றானது. யுத்தம் முடிகிற சமயம் பிறந்த பாக்கியம் சோற்றைத் தள்ளிவிட்டு ரொட்டி கேட்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு அறை வைத்திருக்கிறேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

கடைக்குப் போகிற விதமும் மாறிவிட்டது. முன்பெல்லாம் வேண்டியதைச் சொல்லி வாங்குவோம். யுத்தத்துக்குப் பிறகு டவுனில் முஸ்லிம் முதலாளி கடையில் போய் நின்றதும் ஒரே கேள்விதான். "என்ன வந்திருக்கு நானா?" வந்ததை வாங்கினோம். வரிசையைக் கண்டால் முதலில் நிற்போம். எதற்கு வரிசை என்று பிறகுதான் விசாரிப்போம். ஒருமுறை ஒரு மணி நேரம் நின்று இரண்டு விளக்குச் சிமினி வாங்கி வந்தேன். எங்கள் வீட்டில் இருந்தது குப்பி விளக்கு. அதில் சிமினி போட வழியே இல்லை. வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒன்ன காதுல மாட்டிக்க புள்ள" என்றார்.

அரிசி விஷயத்தில் மட்டும் அவர் சிரிக்கவில்லை. வாரா வாரம் எங்கள் பங்கிலிருந்து கொஞ்சம் எடுத்து மண்ணெண்ணெய் டின்னில் போட்டேன். இரண்டு வருடத்தில் டின் நிறைந்தது. மூடியைப் போட்டு, சுற்றிலும் மாவுப் பசை தடவிக் காகிதம் ஒட்டினேன். காற்றுப் போகாது என்று நினைப்பு. கட்டிலுக்கடியில் தள்ளினேன். வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த யுத்தம் வரும். என் இரண்டாவது பிள்ளை சோறு என்று கேட்டுச் சாகமாட்டாள். அவ்வளவுதான் என் எண்ணம்.

பாக்கியத்துக்கு எட்டு வயது. ஆனி மாதம். மழை. தோட்டத்தில் ஒரு பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். எல்லோரும் வேலை நிறுத்தம் செய்தோம். தோட்டம் அரிசியை நிறுத்தியது. மாவையும் குறைத்தது. காலையில் வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுத் தப்பு அடிக்கவில்லை. தேயிலை ஸ்டோரில் மெஷின் ஓடவில்லை. மழைச் சத்தம் மட்டும். எனக்கு அது யுத்தமாகவே இருந்தது.

பத்தாம் நாள் வீட்டுக்காரருக்கு வயிற்றுக்கடுப்பு. ரத்தம் போனது. தோட்டத்து மருந்துக்காரர் வந்து பார்த்தார். கலக்கிய மருந்து கொடுத்தார். வாசலில் நின்று சத்தம் போட்டுச் சொன்னார்.

"மாவு குடுக்காத! கேட்டியா? அரிசிக் கஞ்சி மட்டும் குடு!"

தலையாட்டினேன். உள்ளே போனேன். மாவுக் கஞ்சி காய்ச்சினேன்.

பதிமூன்றாம் நாள் வீட்டுக்காரர் கேட்டார். கட்டிலில் படுத்தபடி கேட்டார்.

"அந்த டின்ன தொறயேன் புள்ள."

"இன்னும் மோசமா வரும்ங்க. பாக்கியத்துக்கு வேணும்."

அவர் மகளைப் பார்த்தார். மறுபடி கேட்கவில்லை. கையைத் தொங்கப்போட்டால் டின் எட்டும். தொங்கப்போடவும் இல்லை. எனக்கு இன்றைக்கும் தாங்க முடியாதது அதுதான். அவர் சண்டை போட்டிருக்கலாம்.

பதினைந்தாம் நாள் அடுத்த காம்பரா ராக்காயி அக்கா கஞ்சி கொண்டுவந்தார். அரிசிக் கஞ்சி. அவருக்கு நாலு பிள்ளைகள். பானையைத் துடைத்து எடுத்த கடைசி அரிசி அது. "அண்ணனுக்குக் குடு" என்றார். வாங்கிக்கொண்டேன். டின் நிறைய அரிசியைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு, கூசாமல் வாங்கிக்கொண்டேன். அன்று ஒருநாள் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். மறுநாள் மறுபடி மாவு.

பத்தொன்பதாம் நாள். காலை ஆறு மணி இருக்கும். மழை விட்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டும் சத்தம் கேட்டது. அவர் மூச்சு கேட்கவில்லை.

குளிப்பாட்டினார்கள். வாய்க்கரிசி போடவேண்டும். பெரியவர் ஒருவர் வாசலில் நின்று கேட்டார். "யார் வீட்டுலயாச்சும் ஒரு பிடி அரிசி இருக்கா?" பத்துக் காம்பரா லயம். ஆளுக்கு ஆள் கையை விரித்தார்கள். மேட்டு லயத்துக்கு ஆள் அனுப்பினார்கள். அங்கேயும் இல்லை.

நான் குனிந்தேன். டின்னை இழுத்தேன். சிமெந்துத் தரையில் அது கிரீச்சென்று சத்தம் போட்டது. எல்லோரும் திரும்பினார்கள். காகிதம் ஓட்டை ஓட்டையாக இருந்தது. மூடியை நெம்பினேன். வண்டு. அரிசி மேலெல்லாம் வண்டு. நான் தடவிய மாவுப் பசையைத் தின்றுகொண்டே உள்ளே போயிருக்கின்றன. மேலே சாம்பல் மாதிரி தூள். அடியில் மட்டும் முழு மணி கிடந்தது.

ராக்காயி அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். சுளகில் கொட்டினார். இருவரும் பொறுக்கினோம். பொறுக்கிக்கொண்டே அக்கா மெதுவாகக் கேட்டார்.

"இது எப்ப புள்ள சேத்தது?"

"யுத்தம் முடிஞ்சதுல இருந்து."

"நான் கஞ்சி கொண்டாந்தப்பவும் இருந்திச்சா?"

"இருந்திச்சுக்கா."

அவர் கை நின்றது. பிறகு மறுபடி பொறுக்கினார். ஒரு பிடி தேறியதும் எழுந்து போனார். நான் அந்த அரிசியை வீட்டுக்காரர் வாயில் போட்டேன். மூன்று தரம். பாக்கியமும் போட்டாள்.

அவர் போன நாலாம் நாள் வேலை நிறுத்தம் முடிந்தது. தகரம் அடித்தார்கள். எல்லோரும் ஓடினார்கள். நான் நடந்து போனேன். எங்கள் பங்கு இருந்தது.

இப்போது 1970. மகள் தலவாக்கலையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் பிள்ளைகள் பேக்கரிப் பாணும் ரொட்டியும் தின்று வளர்கிறார்கள். கூப்பன் அரிசிக்கு இன்னும் வரிசை நிற்கிறது. நான் போகிறேன். சேர்த்து வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

போனவை இவை. ஒரு டின் அரிசி. அதில் தேறியது சுளகின் ஒரு மூலை அளவு. ராக்காயி அக்காவின் பேச்சு. பத்து வருடம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தோம். அதற்குப் பிறகு என் வீட்டில் அவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. ஆட்கள் இரண்டு பேர். காளியம்மா, மூன்று வயது. வீட்டில் அரிசி இல்லாமல் போனாள். முத்தையா, முப்பத்தொன்பது வயது. வீட்டில் அரிசி இருந்தது.

முதல் சாவை யுத்தத்தின் மேல் போடலாம். இரண்டாவதை என் பெயரில் எழுதுங்கள்.