தூங்குமூஞ்சி மரத்துக்கு ஒரு சாட்சி

— சத்தியமாச் சொல்றேன் ஆபீசரம்மா. இதுவரைக்கும் சொன்னது, இனிமே சொல்லப்போறது, அத்தனையும் உண்மை. ஒரு வார்த்தை பொய்யா இருந்தாலும் இந்தத் தூங்குமூஞ்சி மரம் இப்பவே என் தலையில விழட்டும்.

— ஐயா, அது விழுமா விழாதான்னு பார்க்கத்தான் என்னை அனுப்பியிருக்காங்க. கொஞ்சம் தள்ளி நின்னு சத்தியம் பண்ணுங்க.

— விழாதும்மா. அதுக்கு ஒரு நாள் தும்மல்கூட வந்ததில்ல.

— மனுவுல அப்படி இல்லையே. "அடிமரத்தில் பொந்து, கிளையில் காளான், தண்டில் துளை, பக்கத்துப் பாலர் பள்ளிக் கூரை மேல் சாய்ந்து நிற்கிறது, உடனே வெட்டவும்"னு வரிசையா எழுதியிருக்கு. தெரு முனையில வண்டி நிக்குது பாருங்க, ரம்பத்தோட. நான் தலையை ஆட்டினா மத்தியானத்துக்குள்ள முடிச்சுட்டுப் போயிடுவாங்க.

— அப்ப தலையை ஆட்டாமக் கேளுங்க.

— காம்புல என்ன வெள்ளை வெள்ளையா? மாவுப்பூச்சி இருக்கே.

— அது போன கோடையில வந்த கூட்டத்துல மிச்சம். அப்ப மரம் முழுக்க மாவு. எதிர்வீட்டுக்காரர் வந்து, "எந்தப் பெயின்டர்ங்க, வேலை சுத்தமா இருக்கே"ன்னு விசாரிச்சார். எறும்புங்கதான் அந்தப் பூச்சியைத் தோள்ல தூக்கிட்டு மேல ஏத்துது. நான் சைக்கிள் கிரீஸை எடுத்து அடிமரத்தைச் சுத்தி ஒரு வளையம் போட்டேன். முதல் எறும்பு வந்துச்சு, நின்னுச்சு, என்னை ஒரு பார்வை பார்த்துச்சு. பின்னால தெரு முனை வரைக்கும் டிராபிக் ஜாம். அப்புறம் அது போய் ரெண்டு பெரிய எறும்பைக் கூட்டிட்டு வந்துச்சு, பேச்சுவார்த்தைக்கு.

— பேசினீங்களா?

— நான் இறங்கி வரலை.

— வளையம் நல்ல யோசனைதான். ஆனா கிரீஸை நேரா மரத்து மேல பூசக்கூடாது, பட்டை கெட்டுப்போகும். துணியைச் சுத்தி அதுக்கு மேல பூசணும். மாசத்துக்கு ஒரு தரம் துணியை மாத்தணும். என்ன எழுதுறீங்க?

— ஒண்ணுமில்லம்மா. கை அரிச்சுது.

— இந்தத் துளை? கீழ மரத்தூள் கொட்டியிருக்கு.

— அது தண்டு துளைக்கிற புழு. காதை வச்சுக் கேட்டேன், உள்ள நறநறன்னு மெல்லுது. பழைய குடைக் கம்பியை வளைச்சு விட்டு இழுத்தேன். வந்துச்சு, வந்துச்சு, வந்துக்கிட்டே இருந்துச்சு. தலை வாசல்ல, வால் இன்னும் மரத்துக்குள்ள. அது தள்ளின தூள்ல மூணு தலையணை தைச்சோம். இதோ வர்றாளே என் வீட்டுக்காரி, அவளையே கேளுங்க.

— அது இலவம்பஞ்சுங்க, போன மாசம் கடையில வாங்கினது. ஆபீசரம்மா, இந்தாங்க தண்ணி. இவர் பேசினா கேக்கிறவங்களுக்குத்தான் தொண்டை வறளும்.

— நீ உள்ள போ. சாட்சியைக் கலைக்காதே.

— கம்பி விட்டு எடுத்தது சரி. எடுத்த கையோட துளையைக் களிமண்ணால அடைச்சிருக்கணும். சரி, அந்த முறிஞ்ச கிளை புயல்ல போனதா?

— ஆமா, போன மழைக்காலம். அன்னிக்கு அடிச்ச காத்துல எங்க வீட்டுக் கடிகாரம் ரெண்டு மணி நேரம் பின்னால போயிடுச்சு. மரம் பார்த்துச்சு. வேரையெல்லாம் புடவைக் கொசுவம் மாதிரி ஒரு கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, மூணடி அந்தப் பக்கம் நகர்ந்து நின்னுச்சு. காத்து அடங்கினதும் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துச்சு.

— யாராவது பார்த்தாங்களா?

— எல்லாரும் கதவைச் சாத்திட்டு உள்ள இருந்தாங்க. நல்ல சாட்சிக்குத்தான் எப்பவும் பஞ்சம்.

— நகர்ந்திருந்தா வேரடி மண்ணு பிளந்திருக்கும். பிளக்கலை. இந்தச் சாய்வு பழைய சாய்வு, வெளிச்சத்தைத் தேடி வளைஞ்சது. அதைப் பத்திக் கவலையில்ல. இந்தப் பொந்துதான்... ஐயா, இதுல யாரு சிமென்ட் அடைச்சது?

— நான்தான். பல் டாக்டர் சொத்தைப் பல்லை அடைக்கலையா?

— பல்லு காத்துல ஆடாதுங்க. மரம் ஆடும், சிமென்ட் ஆடாது. ரெண்டும் உரசும், இடுக்குல தண்ணி நிக்கும், உள்ள அழுகும். இந்த விளிம்பு எப்படித் தடிச்சிருக்கு பாருங்க. மரம் தானே சுத்தி மூடிக்கப் பார்த்திருக்கு. நீங்க நடுவுல கல்லை வச்சுட்டீங்க. ஐயா? ஏன் சிமென்டைத் தடவிப் பார்க்கிறீங்க?

— நல்லதுன்னு நினைச்சுத்தாம்மா பண்ணேன். மூணு சட்டி கலவை. நானே குழைச்சேன்.

— இருங்க, சுத்தியலால தட்டிப் பார்க்கிறேன். இது கெட்டி. இதுவும் கெட்டி. ம். இங்க சத்தம் மாறுது.

— மாறுதுன்னா?

— கொஞ்சம் பேசாம இருங்க.

— வைத்தியம் பண்றேன்னு நானே கொன்னுட்டேனா?

— ஒரு கை அகலம்தான் உள்ளுக்குள்ள அழுகிப் போயிருக்கு. சுத்தி நல்ல கட்டை நிறைய இருக்கு. தாங்கும்.

— இன்னொரு தரம் தட்டுங்க.

— தட்டிட்டேன் ஐயா. தாங்கும்.

— எனக்காக இன்னொரு தரம்.

— இந்தாங்க, நீங்களே கேளுங்க. டொக். கேட்டுச்சா?

— கேட்டுச்சு. ரொம்ப நல்ல சத்தம்மா அது.

— எழுதிடறேன். மரத்தை வெட்ட வேண்டாம். பள்ளிக் கூரை மேல நீட்டிட்டிருக்கிற காளான் பிடிச்ச கிளையை மட்டும் மழைக்கு முன்னாடி எடுக்கணும். அதுவரைக்கும் குழந்தைங்க அந்தப் பக்கம் விளையாடக்கூடாதுன்னு டீச்சர்கிட்ட நான் சொல்லிட்டுப் போறேன். கிளை பிறக்கிற இடத்துல மோதிரம் மாதிரி ஒரு மடிப்பு தெரியுதா? அதை விட்டுட்டு வெளிப்பக்கமா அறுக்கணும். அறுத்த இடத்துல தார் பூசக்கூடாது.

— பூசக்கூடாதா? இத்தனை நாளா... சரி, சரி. மேல சொல்லுங்க.

— சிமென்டை உளியால கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும். வேரைச் சுத்திப் போட்ட சிமென்ட் தரையையும் உடைச்சு மண்ணைக் காத்தாட விடணும். ஆள் அடுத்த வாரம் வரும். மூணு மாசம் கழிச்சு நானே வந்து பார்ப்பேன்.

— நீங்களேவா?

— நானே. ஆனா ஒண்ணு பாக்கி. இந்த முடிவை ஒத்துக்கிட்டதா மனு கொடுத்தவர் கையெழுத்து போடணும். இல்லேன்னா அவர் மேலிடத்துக்குப் போவார், ரம்பம் திரும்ப வந்து நிக்கும். யாருன்னு தெரியுமா? பேரை வாசிக்க முடியலை, கோழி கிளறின மாதிரி இருக்கு.

— பேனாவைக் கொடுங்க.

— நீங்க எதுக்கு... ஐயா! இந்த மனு நீங்க கொடுத்ததா?

— மருந்தடிக்க ஆள் அனுப்புங்கன்னு பதினோரு தடவை எழுதினேம்மா, ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கலை. வெட்டச் சொல்லி ஒரே ஒரு தடவைதான் எழுதினேன்.