கேட்காத அறை

திரை வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வெளிர் சாம்பல்தான் நல்லது. கறுப்பு கறுப்பாகத் தெரிவது அதில்தான். இதை எனக்குச் சொன்னவள் என் மனைவி. சினிமா பற்றி எதுவானாலும் அவளைத்தான் கேட்பேன். நான் படம் பார்க்கிறவன் இல்லை, மெய்ப்புத் திருத்துகிறவன். அச்சுக்குப் போகும் புத்தகங்கள் அதற்கு முன் தாள்தாளாக என் மேசைக்கு வரும். பிழைகளைக் குறித்து அனுப்புவேன். வீட்டிலிருந்தே செய்கிற வேலை.

வீட்டுக்குள் ஒரு தியேட்டர் அமைக்கும் யோசனை எங்கள் மகளுடையது. அம்மாவின் நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகிறது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மூக்கில் குழாய், குழாயின் மறுமுனையில் ஆக்சிஜன் இயந்திரம். எழுந்து நாலடி நடந்தால் உதடு நீலமாகிவிடும்.

"வெளிய போய்ப் பாக்க முடியலன்னா என்னப்பா, தியேட்டரை உள்ள கொண்டு வந்துடலாம்" என்றாள் மகள், வெளியூரிலிருந்து போனில். நல்ல யோசனையாகப் பட்டது. அப்போது என் மனதில் வேறு எதுவும் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

என் மனைவி என்னைக் கூப்பிடுகிற சொல் 'என்னங்க.' கல்யாணமான புதிதில் அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. அவள் நோயில் படுத்த பிறகு அது பகலெல்லாம் வந்தது. என்னங்க, தண்ணி. என்னங்க, ஃபேனைக் குறைங்க. என்னங்க, தலையணை. வரியின் நடுவில் விரலை வைத்துவிட்டு எழுந்து போவேன். பாதி நேரம் எதுவும் வேண்டியிருக்காது.

"ஒண்ணுமில்ல. இருக்கீங்களான்னு பாத்தேன்."

"இருக்காம எங்க போவேன்?"

"அதானே, உங்களுக்கு யாரு இடம் குடுப்பா" என்று சிரிப்பாள். சிரிப்பு இருமலாகும். முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தால் விரல் வைத்த வரி தொலைந்திருக்கும். இதற்காக நான் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. வேண்டுமானால் பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள வந்த நர்ஸம்மாவைக் கேட்டுப் பாருங்கள். "சார் மாதிரி பொறுமைசாலி கிடைக்க மாட்டாங்க" என்பார்.

அறை போட வந்த ஃபிட்டர் வாய் ஓயாமல் பேசுகிறவர். சுவரில் பஞ்சுப் பலகைகளை இரண்டு அடுக்காக வைக்கச் சொன்னேன். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை, கதவுக்கு அடியிலும் ஒன்று. அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். எங்கள் வீடு தெருவின் கடைசி; அந்தப் பக்கம் காலி மனைதான்.

"பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான்னுதான் எல்லாரும் இவ்வளவு பண்ணுவாங்க. உங்களுக்குப் பக்கத்து வீடே இல்லையே சார். யாருக்குத் தொந்தரவு?"

"எனக்குத்தான்" என்றேன்.

அவர் சிரித்தார். நல்ல நகைச்சுவை உணர்வு எனக்கு இருப்பதாக நினைத்திருப்பார்.

புரொஜெக்டரில் இருக்கும் மின்விசிறியின் இரைச்சல் படம் பார்ப்பதைக் கெடுக்கும் என்று அதை அடுத்த அறையில், அதாவது என் வேலை அறையில் வைத்தோம். நடுச் சுவரில் சிறிய கண்ணாடி பதித்து, அதன் வழியாக வெளிச்சம் போகும்படி ஏற்பாடு. ஆக்சிஜன் இயந்திரமும் உறுமும் என்பதால் அதுவும் என் பக்கம் வந்தது. சுவரில் துளை போட்டு, அவளுடைய குழாயைத் தரையோடு உள்ளே கொண்டுபோனார் ஃபிட்டர். என் மேசைக்கு ஒரு பக்கம் புரொஜெக்டர், மறுபக்கம் இயந்திரம். இரண்டும் ஓயாமல் இரைந்தன. எனக்கு அது பழகிவிட்டது. இயந்திரங்கள் சத்தம் போடும், எதையும் கேட்காது.

வேலை முடிந்த அன்று ஃபிட்டர் பையிலிருந்து ஒரு அழைப்பு மணியை எடுத்தார்.

"சும்மாதான் கிடக்குது சார். அம்மா கைக்குப் பக்கத்துல வெச்சுடட்டா? கதவு சாத்திட்டா உள்ள குண்டு வெடிச்சாலும் வெளிய கேக்காது."

என் மனைவி முந்திக்கொண்டாள். "பெல் அடிச்சுக் கூப்பிட அவரு என்ன ஆபீஸ் பியூனா? வேண்டாங்க. நான் ஒரு குரல் குடுத்தா ஓடி வந்துடுவாரு."

ஃபிட்டர் என்னைப் பார்த்தார். பிழையைப் பார்த்தால் கை தானாகப் பேனாவைத் தேடும் எனக்கு. அன்று தேடவில்லை.

அவர் போன பிறகு அவளே சோதித்துப் பார்க்கச் சொன்னாள். நான் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். சிறிது நேரம் கழித்து உள்ளே போனேன்.

"கேட்டுச்சா?"

"நல்லா கேட்டுச்சு."

"எத்தனை தடவை கூப்பிட்டேன், சொல்லுங்க?"

"நீ எண்ணிக்கிட்டா கூப்பிட்ட?"

அவள் சிரித்தாள். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதற்கு முன்னும் சொல்லவில்லை, பின்னும் சொல்லவில்லை.

அறை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கட்டிலைத் திரைக்கு எதிரே, என் சுவருக்குப் பக்கத்தில் போட்டிருந்தோம். கண்ணாடி வழியாகப் பார்த்தால் அவளுடைய தலையணையின் மேல்விளிம்பும் திரையும் தெரியும். இந்தப் பக்கம் நான் சரிபார்த்த தாள்களை அடுக்கிவைப்பேன். ஒரு வாக்கியத்தை முழுசாக, முற்றுப்புள்ளி வரை, யாரும் நடுவில் வராமல் படிப்பது எப்படிப்பட்ட சுகம் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் மேற்கொண்டு நான் சொல்வதை எளிதாகப் புரிந்துகொள்வீர்கள்.

நர்ஸம்மா கதவை ஒருக்களித்து வைப்பார். வெளிச்சம் திரையில் விழுகிறது என்று நான் சாத்துவேன். சில நாளில் மனைவி சொன்னாள்: "கூப்பிட்டேன், வரலியே."

"படச் சத்தத்துல அமுங்கிப் போயிருக்கும்."

இது பொய் அல்ல, அனுமானம்.

மறுநாள் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, திரையின் அடியில் ஒலியளவைக் காட்டும் பச்சைக்கோடு குறைந்துகொண்டே போய் மறைந்தது. படத்தில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். உள்ளே போனதும் அவள், ஏதோ சாமர்த்தியம் செய்தவள்போல், "ஊமையாக்கிட்டேன். எல்லாப் படமும் பாத்ததுதானே, வசனம் எனக்கே தெரியும். இனிமே நான் கூப்பிட்டா உங்களுக்குக் கேக்கும்" என்றாள்.

அன்றிலிருந்து அவள் சத்தமில்லாமல்தான் படம் பார்த்தாள். மூன்று பக்கமும் நல்ல ஸ்பீக்கர்கள் இருந்தன. ஒன்றும் பேசவில்லை. நான் என் வசதிப்படி அவ்வப்போது உள்ளே போய் வருவேன். சிலமுறை என் வரவும் அவள் அழைப்பும் ஒத்துப்போகும். "கேட்டுச்சா!" என்பாள். அந்த முகத்தைப் பார்த்தவர் யாரும் நான் அவளைச் சந்தோஷமாக வைத்திருக்கவில்லை என்று சொல்ல மாட்டார்கள்.

அது ஞாயிற்றுக்கிழமை, மதிய நேரம். நர்ஸம்மாவுக்கு விடுமுறை. திரையில் ஒரு பெரிய குடும்பம் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும் காட்சி. நான் நிமிர்ந்தபோது அந்தக் குடும்பத்தின் மேல் ஒரு கை விழுந்திருந்தது. தலையணைக்கு மேல் அவள் தூக்கிய கை, புரொஜெக்டர் வெளிச்சத்தில் பட்டு, அவ்வளவு பெரிய நிழலாகிவிட்டது. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. அசைந்தன, மடங்கின, திரும்ப விரிந்தன. சாப்பிடுகிறவர்களுக்கு அது தெரியவில்லை. அவர்கள் பாட்டுக்குப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

குரல் கொடுத்தால் வருவேன் என்பதுதான் எங்களுக்குள் பேச்சு. கையைக் காட்டினால் என்று யாரும் சொல்லவில்லை. நான் குனிந்து பக்கத்தைத் தொடர்ந்தேன். நல்ல கட்டுரை, ஒற்று மிகும் இடங்களில்தான் எழுதியவருக்குத் தகராறு. அந்தப் பக்கம் முடிந்தபோது திரையில் குடும்பம் மட்டும் இருந்தது.

ஒன்றை முன்பின்னாகச் சொல்லிவிட்டேன். மெய்ப்பில் இதற்கென்று ஒரு குறி உண்டு: பின்னது முன்னே வர வேண்டும் என்று வளைத்துக் காட்டுவோம். ஆக்சிஜன் இயந்திரத்தில் ஒரு கண்ணாடித் தண்டு இருக்கும். அதற்குள் சிறிய உருண்டை. காற்று போகும்போது உருண்டை மிதக்கும். போகாவிட்டால் அடியில் உட்கார்ந்துவிடும். உருண்டை அடியில் உட்கார்ந்ததை நான் முதலில் பார்த்தேன். பிறகு கீழே பார்த்தேன். என் நாற்காலியின் சக்கரம் குழாயின் மேல் நின்றிருந்தது. அதற்கும் பிறகுதான் கை.

சக்கரத்தை நான் கொண்டுபோய் வைக்கவில்லை. நாற்காலி நகரத்தானே செய்யும். நகர்ந்ததைப் பார்த்தேன், திருப்பி நகர்த்தவில்லை. கண்ணில் பட்ட பிழையைத் திருத்தாமல் விட்டால் அதற்கு எழுதியவர் பொறுப்பல்ல, திருத்துகிறவர்தான். அந்த அளவுக்கு நான் ஒப்புக்கொள்கிறேன். நான் அசையாமல் உட்கார்ந்திருந்ததால் அவள் இறந்தாள். அவள் என் பெயரை ஒருநாளும் சொன்னவள் இல்லை. கடைசியிலும் 'என்னங்க' என்றுதான் கூப்பிட்டிருப்பாள்.

பாதியில் எழுந்து வருவது அவளுக்குப் பிடிக்காது. அதனால் படம் முடியும்வரை காத்திருந்தேன். நாற்காலியை மேசைக்குள் தள்ளினேன். உருண்டை மேலே எழுந்து மிதந்தது. பிறகு கதவைத் திறந்தேன்.

மகள் வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள்.

"அம்மா கடைசியா ஒண்ணும் கேக்கலியாப்பா?"

"ஒண்ணும் கேக்கலம்மா" என்றேன்.

அவள் எதுவும் வேண்டும் என்று சொல்லவில்லை என்று மகள் எடுத்துக்கொண்டாள். எந்தக் காதுக்கும் எதுவும் எட்டவில்லை என்ற பொருளில் நான் சொன்னேன். இரண்டுக்கும் நம் மொழியில் ஒரே சொல்தான். அதை நான் உண்டாக்கவில்லை.

"எந்த அப்பா அம்மாவுக்கு இப்படி ஒரு ரூம் கட்டிக் குடுப்பாங்க" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீடு இப்போது அமைதியாக இருக்கிறது. நான் எதிர்பார்த்ததுபோல் வேலை ஓடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாதி வரியில் விரல் தானாக நின்றுவிடுகிறது. காது எதையோ தேடுகிறது. இல்லை என்று தெரிந்துகொண்டு திரும்பினால் வரி தொலைந்திருக்கிறது. அவள் போனது எனக்குப் பெரிய இழப்பு. இதை யாரும் சந்தேகிக்கக் கூடாது.

மகள் நாளை கைக்குழந்தையோடு வருகிறாள், நிரந்தரமாக. நான் தனியாக இருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ராப்பகலா கத்துவான்பா இவன். உங்க வேலை கெட்டுப்போகும்" என்றாள் போனில்.

"பேரன் கத்தாம வேற யாரு கத்துவா? வா" என்றேன்.

மனதாரத்தான் சொன்னேன். குழந்தை அழுவது எனக்குத் தொந்தரவே இல்லை. அது வெறும் சத்தம். அவனுக்குப் பேச்சு வர எப்படியும் இன்னும் ஒரு வருடமாவது ஆகும்.