இனி மினக்கெடத் தேவையில்லை

சீடியைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்கக் கூடாது. நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். பழைய சாரத்துண்டு ஒன்று போதும். இதை இந்த ஊரில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், யாரும் கேட்பதில்லை. நீங்கள் பத்திரிகைக்காரர் என்பதால் குறித்துக்கொள்கிறீர்கள்.

பகிஷ்கரிப்பு எப்படி இவ்வளவு பெரிதானது என்று அறிய வந்திருக்கிறீர்கள். படத்தில் கட்டிலில் கிடக்கும் அந்தப் பிள்ளையைச் சந்திக்க வேண்டும், கிண்ணியாவுக்குக் கூட்டிக்கொண்டு போக முடியுமா என்றும் கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். இடையில் நான் பேசாமல் இருந்தால் எழும்பிப் போய்விடாதீர்கள். எனக்குக் கதை அப்படித்தான் வரும்.

இந்தக் கடையில் கேம் சீடிகளை விற்பேன், திரும்ப வாங்குவேன், மாற்றிக் கொடுப்பேன். கொழும்பில் புதிதாக ஒன்று வந்தால் இங்கே நாலைந்து பேர் சேர்ந்து ஒன்றை வாங்குவார்கள். ஒருவர் முடித்ததும் அடுத்த வீட்டுக்குப் போகும். நிலாவெளியில் தொடங்கிய சீடி மூதூரில் போய் முடியும். எது எந்த வீட்டில் இருக்கிறது என்பது எனக்கு மனதிலேயே இருக்கும். வாசலுக்கு வெளியே துறைமுகத்தில் கோதுமைக் கப்பல்கள் வரும், போகும். நான் உள்ளே துடைத்துக்கொண்டிருப்பேன்.

இன்னொரு வேலையும் செய்தேன். கேம் மெஷின் வாங்கியவர்களுக்கு அக்கவுண்ட் திறக்க வேண்டும். மின்னஞ்சல் கேட்கும், போன் நம்பர் கேட்கும். இங்கே பலரிடம் மின்னஞ்சல் இல்லை. இருந்தாலும் பாஸ்வேர்டை மறந்துவிடுவார்கள். போன் கடைக்காரர்கள் செய்வதைப் போலவே நானும் ஒரு மின்னஞ்சலை உண்டாக்கி, என்னுடைய நம்பரையே கொடுத்துத் திறந்துவிடுவேன். யாரும் குறை நினைத்ததில்லை, என்னை அண்ணனாகத்தான் நினைத்தார்கள். "நானாட கையில இருந்தாத்தான் பத்திரம்" என்பார்கள். உண்மையில் பத்திரமாகத்தான் இருந்தது.

போன வருடம் கொம்பனியின் அறிவித்தல் வந்தது. புட்போல் கேம் இனிமேல் சீடியில் வராது, ஒன்லைனில் மட்டும். இந்தக் கடையில் பாதி வருமானம் அந்த ஒரு கேமில்தான். ஆனால் அதற்காக நான் எதிர்க்கவில்லை, தயவுசெய்து அப்படி எழுதிவிடாதீர்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளை அண்ணன் தம்பிக்குக் கொடுக்க ஏலாது என்றால் அது வாங்கியதாகுமா? கொம்பனிக்கு மனம் மாறினால் ஒரு நாளில் பூட்டிவிடலாம். சீடி அப்படியல்ல. யாருடைய அனுமதியும் அதற்குத் தேவையில்லை.

அன்று பின்னேரம் கடை நிறைய ஆட்கள். ஆட்டோ ஓடுகிற அபூதாஹிர் கவுண்டரில் ஏறி இருந்துகொண்டான்.

"நானா, இப்பிடியே போனா பொண்டாட்டியையும் டவுன்லோட் பண்ணச் சொல்லுவானுகள். சண்டை பிடிச்சா கொம்பனி திரும்ப எடுத்துக்கும்."

"உன்ட பொண்டாட்டியக் கேட்டுப் பார், அவ சந்தோசமாப் போவா" என்றான் சல்லிக் கிராமத்திலிருந்து வந்திருந்த ரிஷிகேசன்.

"போடா, உனக்கு டவுன்லோடும் வராது. சிக்னல் இல்ல."

சிரித்துச் சிரித்துத்தான் தொடங்கினோம். சிரிப்பு அடங்கியதும் ஒவ்வொருவராக என் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தார்கள், வாங்குவதில்லை என்று. நான் ஒரு முகநூல் பக்கம் திறந்தேன். வாக்குக் கொடுத்தவர்களின் பெயர்களைப் போட்டேன். நஸ்ரியின் பெயரையும் போட்டேன். அவனைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவுமில்லை.

நஸ்ரி குச்சவெளியில் டவர் வேலையில் விழுந்தவன். இடுப்புக்குக் கீழே உயிரில்லை. கைகள் நல்ல திடம். தங்கை சனூஸாதான் பார்த்துக்கொண்டாள். அவள் பாலர் பாடசாலை ரீச்சர், புருஷன் கட்டாரில். மெஷினும் டீவியும் கட்டிலுக்கு எதிரே ஓர் அலுமாரியின் மேல் இருந்தன. வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்ததும் நான் பாலம் தாண்டிக் கிண்ணியாவுக்குப் போவேன். புதிய சீடி ஒன்றைக் கொண்டுபோய், பழையதை எடுத்து, துடைத்து, போட்டுக் கொடுப்பேன். பிறகு ஒரு கதிரையைக் கட்டிலோடு இழுத்துப் போட்டு இருப்பேன். அவன் விளையாடுவான். இருவரும் அதிகம் கதைப்பதில்லை. ஒரு மணித்தியாலம் ஒரு சொல்லும் இல்லாமல் போகும். என்னுடைய வீட்டில் எனக்காகக் காத்திருக்க யாரும் இல்லை. அந்த அறையில் பேசாமல் இருப்பது ஒரு குறையாக இல்லை.

அவனுக்கு ஒன்லைனில் ஒரு குழு இருந்தது. ஒருவர் மலேசியாவில், ஒருவர் தூத்துக்குடியில், இன்னும் சிலர் எங்கெங்கோ. ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு அவர்களுடன் ஆடுவான். அவனுக்கு வலது ஓரம், ஓடுகிற இடம். "நஸ்ரி, ஓடு, ஓடு" என்று அவர்கள் கத்துவது வெளியிலும் கேட்கும். அவன் எப்படிக் கிடக்கிறான் என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

புதிய கேம் வந்து கொஞ்ச நாளில் ஒரு வெள்ளிக்கிழமை நான் போனபோது டீவி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. சீடிப் பையைத் திறந்தேன். அவன் சிரித்தான்.

"நானா, இனி நீங்க மினக்கெடத் தேவையில்ல."

"ஏன் தம்பி?"

"மச்சான் கட்டாரில இருந்து அவர்ர கார்டால வாங்கித் தந்தவர். எல்லாம் உள்ளுக்கே இருக்கு. படுத்திட்டே மாத்தலாம்."

நான் சீடிப் பையை மூடினேன். அவன் கன்ட்ரோலரை மடியில் வைத்தான்.

"கோவமா நானா?"

"சேச்சே."

"தண்ணிக்கு ஒருத்தரக் கூப்பிடணும். பொரண்டு படுக்க ஒருத்தரக் கூப்பிடணும். மத்ததுகளச் சொல்லவும் வெக்கம். இது ஒண்டுக்காவது ஒருத்தரையும் கூப்பிடாம இருக்கலாம் எண்டு பாத்தன்."

நியாயமான பேச்சு. அதை நான் அன்றே ஏற்றுக்கொண்டேன், இன்றும் ஏற்றுக்கொள்கிறேன். சனூஸா தேத்தண்ணி கொண்டுவந்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

பாலத்தில் பைக்கை நிறுத்திக் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தேன். எனக்குக் கோபம் இல்லை. எல்லோருக்கும் ஒரு விதி என்றால் எல்லோருக்கும்தான். ஆனால் அவனை முகநூல் பக்கத்தில் போட்டு அவமானப்படுத்த மனம் வரவில்லை. ஒன்லைனில் வாங்கியது தன்னுடையதல்ல என்பதை அவன் தானாகவே விளங்கிக்கொண்டால் நல்லது என்று நினைத்தேன். கடைக்கு வந்து அவனுடைய அக்கவுண்டின் பாஸ்வேர்டை மாற்றினேன். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றவா என்று கேட்டது. ஓம் என்று அழுத்தினேன். பிறகு கடையைக் கூட்டினேன்.

அடுத்த நாள் அழைத்தான்.

"நானா, உள்ளுக்குப் போகுதில்ல. கேம் துறக்குதுமில்ல. என்னத்தையாவது பிழையா அமத்திட்டனோ?"

"கொம்பனி பூட்டியிருக்கும். நான் வந்து பார்க்கிறன்."

போனேன். மெஷினை நிறுத்தி, திரும்பப் போட்டு, வயர்களைக் கழற்றி மாட்டினேன். பிறகு, கொம்பனிக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும் என்றேன். அவன் சனூஸாவிடம் சீப்புக் கேட்டான். தலையை வாரி, சேட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டான். நான் காலடியில் நின்று எடுத்தேன். கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பையும் படத்தில் விழுந்துவிட்டது. வெட்டலாம் என்று யோசித்தேன். வெட்டினால் படத்தின் பலம் குறையும் என்று அப்படியே விட்டேன்.

அந்தப் படம்தான் நீங்கள் பார்த்தது. 'படுக்கையில் கிடப்பவனிடமிருந்தும் பறித்தார்கள்' என்று மேலே எழுதினேன். இரண்டு நாளில் யாழ்ப்பாணத்தில் பகிர்ந்தார்கள். பிறகு சென்னை, கோலாலம்பூர், லண்டன். அதுவரை நாங்கள் துறைமுகத்துப் பக்கத்தில் ஒரு சீடிக் கடையும் கொஞ்சப் பெடியன்களும். அதற்குப் பிறகு முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் வாங்குவதில்லை என்று எழுதினார்கள். ஒரு நல்ல காரியம் வளர்ந்தது என்பதை நீங்களும் மறுக்க மாட்டீர்கள்.

நஸ்ரியோடு ஆடும் அந்தக் குழுவில் இருந்தவர்களும் படத்தைக் கண்டார்கள். அது நான் எதிர்பாராதது. நஸ்ரி போனில் அழைத்தான்.

"என்ட படத்தைப் போட்டீங்களா நானா?"

"உன்ட நன்மைக்குத்தான்."

"அந்தப் பையோடயா?"

போனில் அவனுடைய மூச்சு மட்டும் கேட்டது. கதிரையில் இருந்து பழகிய அதே அமைதி என்று நினைத்தேன். பிறகு சொன்னான்:

"அவனுகள் என்னை ஓடு, ஓடு எண்டு கத்துறவனுகள் நானா. இனிக் கத்த மாட்டானுகள்."

பாஸ்வேர்டை அன்றே திருப்பிக் கொடுத்திருக்கலாம் என்பீர்கள். யோசித்துப் பாருங்கள். கொடுத்தால் கொம்பனி பூட்டவில்லை என்றாகும். அவ்வளவு பேர் நம்பி வந்தது பொய்யென்றாகும். ஒருவனுடைய பொழுதுபோக்கைவிட அது பெரிய விஷயம். நான் அவனிடமிருந்து எதையும் அழிக்கவில்லை. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது, என் கையில்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் நான் போகவில்லை. மினக்கெடத் தேவையில்லை என்று அவன்தானே சொன்னான். அந்தச் சொல்லை மதித்தேன். சனூஸா ஒருமுறை அழைத்தாள்.

"றஹ்மான் நானா, ஒருக்கா வந்திட்டுப் போங்களன். எங்கட நஸ்ரி நானா சாப்பிடுறார் இல்ல. சுவரப் பாத்திட்டே கெடக்கிறார்."

பகிஷ்கரிப்பு வேலை நெருக்கடியாக இருந்தது. வெளிநாடுகளிலிருந்து பேட்டி கேட்டார்கள். வர ஏலாது புள்ள என்றேன். ஆனால் சும்மா விடவில்லை. முந்திய வருடத்து புட்போல் சீடி ஒன்றை நன்றாகத் துடைத்து அபூதாஹிரின் ஆட்டோவில் கொடுத்துவிட்டேன். அது அக்கவுண்ட் இல்லாமலே ஓடும். நாங்கள் சொல்லிவந்ததும் அதைத்தானே.

சனூஸா அதை மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தாளாம். போட்டுத் தரவா என்று கேட்டாளாம். வேண்டாம் என்று சொன்னானாம். அப்படியே சில நாள் கிடந்திருக்கிறது.

ஒரு காலை அவள் பாலர் பாடசாலைக்குப் போன பிறகு அவன் கட்டிலிலிருந்து கீழே இறங்கியிருக்கிறான். இறங்கினானா, விழுந்தானா என்று யாருக்கும் தெரியாது. கைகளால் தவழ்ந்து அறையைக் கடந்திருக்கிறான். அலுமாரியின் கதவைப் பிடித்து உடம்பைத் தூக்கியிருக்கிறான். நான் சொன்னேனே, கைகள் நல்ல திடம் என்று. அலுமாரிதான் பழையது. டீவியோடு சேர்ந்து அவன் மேல் சரிந்துவிட்டது. சனூஸா பகல் வந்துதான் கண்டாள். டீவி உடைந்து கிடந்ததாம். மெஷினில் வெளிச்சம் எரிந்துகொண்டிருந்ததாம்.

அவள் என்னை அழைத்தாள். மற்ற யாரையும்விட முதலில் நான்தான் போய்ச் சேர்ந்தேன். அலுமாரியை நான்தான் தூக்கினேன். ஜனாஸாவை அடக்கத்துக்குக் கொண்டு போன பிறகு அறையை ஒழுங்குபடுத்த அவளுக்கு உதவினேன். மெஷினை நிறுத்துவதற்கு முன் பார்த்தேன். சீடி உள்ளே இருந்தது. சரியான பக்கம் மேலே இருக்க, சரியாகப் போட்டிருந்தான். ஒருவரையும் கூப்பிடாமல்.

முகநூல் பக்கத்தில் மரண அறிவித்தல் போடவில்லை. ஒரு மரணத்தை விளம்பரமாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால்தான் உங்களுக்கும் தெரியாமல் போனது. நீங்கள் பாலம் தாண்டிக் கிண்ணியாவுக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. அங்கே சனூஸா மட்டும்தான் இருக்கிறாள்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதப் போனபோது அவள் என்னை ஒரு பக்கம் கூப்பிட்டாள். அவன் விளையாடும்போது பேசியதெல்லாம் அக்கவுண்டுக்குள் பதிவாகியிருக்குமாம், மச்சான் சொன்னாராம்.

"கொம்பனிக்காரன்ட கேட்டு அந்தக் குரலை மட்டும் எடுத்துத் தர ஏலுமா நானா? வேற ஒண்டும் வேணாம்."

கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். "அவனுகள் மனம் இரங்க மாட்டானுகள் புள்ள" என்றும் சொன்னேன். அவள் எனக்காகத் துஆ கேட்பதாகச் சொன்னாள்.

அந்தக் குரலை நான் கேட்டுவிட்டேன். உள்ளேதான் இருக்கிறது. அதிகமும் சிரிப்பு. ஒன்றில் என்னுடைய இருமலும் கேட்கிறது.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை. முடிக்கப் போகிறேன்.

கொம்பனி இன்னும் இறங்கி வரவில்லை. எங்கள் ஆட்களில் பலர் இரகசியமாக வாங்கிவிட்டார்கள், எனக்குத் தெரியும். அபூதாஹிரும் வாங்கிவிட்டான். நான் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் எனக்குப் போக ஓரிடம் இல்லை. கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு நஸ்ரியின் அக்கவுண்டைத் திறக்கிறேன். கொம்பனி திருப்பித் தந்துவிட்டது என்று அந்தக் குழுவில் எல்லோருக்கும் பெரிய சந்தோசம். வலது ஓரத்தில் ஆள் இல்லாமல் அவர்களுக்கும் கஷ்டமாக இருந்திருக்கிறது. நான் ஹெட்செட் போடுவதில்லை. கெட்டித்தனமாகவும் ஆடுவதில்லை. அவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். சுகமா நஸ்ரி என்று எழுதிக் கேட்பார்கள். ஓம் என்று எழுதுவேன்.

இதில் தவறாக விளங்கிக்கொள்ள ஒன்றுமில்லை. அந்தக் கேமை வாங்கியவன் நஸ்ரி. நான் இன்றுவரை வாங்கவில்லை. கொடுத்த வாக்கைக் கடைசிவரை காப்பாற்றியவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.